பீஸ் ஆஃப் கேக் (1988): பழைய விமானப்படைத் தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன தொடர்? யார் எடுத்தது?

இரண்டாம் உலகப் போரின் முதல் ஓராண்டில் ஒரு பிரிட்டிஷ் போர் விமான ஸ்குவாட்ரனுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும் ஆறு பகுதித் தொடர். லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் தயாரித்தது. 1988 அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிரிட்டனின் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. டெரெக் ராபின்சன் 1983இல் எழுதிய நாவலுக்கு லியான் கிரிஃபித்ஸ் திரைக்கதை எழுத, இயான் டாய்ன்டன் இயக்கினார். ராபின்சன் விமானி அல்ல. கட்டாய ராணுவ சேவைக் காலத்தில் விமானப்படையின் தரைக் கட்டுப்பாட்டு அறையில் விமானங்களின் இருப்பிடத்தை மேஜையில் குறிக்கும் வேலை பார்த்தவர். விமானிகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் அந்தப் பார்வை கதை முழுக்கத் தெரியும்.

கதை என்ன? முடிவைச் சொல்லிவிடுவீர்களா?

முடிவைச் சொல்லவில்லை. ஆனால் நடுவில் நடக்கும் சில சம்பவங்களைத் தொடாமல் கீழுள்ள பதில்களை எழுத முடியாது.

ஹார்னெட் ஸ்குவாட்ரன் ஒரு கற்பனைப் படைப்பிரிவு. 1939 செப்டம்பரில் போர் அறிவிக்கப்படும்போது இங்கிலாந்தில் இருக்கிறது. பிறகு பிரான்சுக்குப் போகிறது. அங்கே மாளிகை வாசம், நல்ல சாப்பாடு, ஒயின். சண்டை மட்டும் இல்லை. 1940 மே மாதம் ஜெர்மானியத் தாக்குதல் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிறது. கடைசிப் பகுதிகள் தென் இங்கிலாந்துக்கு மேலே நடக்கும் "பிரிட்டன் சண்டை" என்ற வான்போர். பணக்காரத் தளபதி ரெக்ஸாக டிம் உட்வர்ட், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பறந்துவிட்டு வந்த அமெரிக்கர் ஹார்ட்டாக பாய்ட் கெய்ன்ஸ், பார்டனாக ஆஸ்திரேலிய நடிகர் டாம் பர்லின்சன், பிட்ஸ்ஜெரால்டாக ஜெரமி நார்த்தம், ஃபிளாஷ் கார்டனாக நத்தானியல் பார்க்கர், யாராலும் சகிக்க முடியாத மாகி காட்டர்மோலாக நீல் டட்ஜன்.

முதல் பகுதி குழப்பும். எல்லாரும் ஒரே சீருடை, ஒரே மீசை, எல்லாருக்கும் பட்டப்பெயர். இரண்டு பேரை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: "அங்கிள்" என்பவர் அலுவலக நிர்வாகம் பார்க்கும் அட்ஜுடன்ட், "ஸ்கல்" என்பவர் உளவுத் தகவல் அதிகாரி. இருவரும் பறப்பதில்லை, அதனால் அடிக்கடி திரையில் வருவார்கள். மற்றவர்கள் தாமாகவே பழகிவிடுவார்கள், சிலர் பழகுவதற்கு முன்பே செத்தும் போவார்கள்.

நாவலில் ஹரிக்கேன், தொடரில் ஸ்பிட்ஃபயர். ஏன் மாற்றினார்கள்?

இரண்டும் அன்றைய பிரிட்டிஷ் போர் விமானங்கள். ஹரிக்கேன்கள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். 1988இல் பிரிட்டனில் பறக்கும் நிலையில் இருந்த ஹரிக்கேன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு விமானப்படையின் நினைவுப் பிரிவிடம் இருந்தன. ஸ்பிட்ஃபயர்களோ தனியாரிடமே பல இருந்தன. ஒரு ஸ்குவாட்ரன் பறக்கிறது என்று காட்ட வேண்டுமானால் ஒரே வகை விமானம் சில சேர்ந்து பறந்தாக வேண்டும்.

வரலாற்றுப்படி இது பெரிய தவறுதான். பிரான்சில் நின்று போரிட்ட பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள் பறக்கவிட்டவை ஹரிக்கேன்கள். 1939-40 குளிர்காலத்தில் அங்கே இருந்தவை 1, 73, 85, 87 ஆகிய எண்கள் கொண்ட ஹரிக்கேன் ஸ்குவாட்ரன்கள். போர் விமானப் பிரிவின் தலைவர் ஹ்யூ டவ்டிங் ஸ்பிட்ஃபயர்களை உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். 1940 மே 16 அன்று அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம், இன்னும் போர் விமானங்களைப் பிரான்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் பிரிட்டனையே இழக்க நேரும் என்று எச்சரித்தது. அந்தக் குளிர்காலத்தில் பிரான்சிலிருந்து கிளம்பிய ஸ்பிட்ஃபயர்களும் உண்டு, ஆனால் அவை துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டுக் கேமரா பொருத்திய உளவு விமானங்கள்.

எங்கள் கருத்தில் இந்த மாற்றம் கதையைக் கெடுக்கவில்லை. ரெக்ஸ் செய்யும் தவறுகளை எந்த விமானத்தில் உட்கார்ந்தும் செய்யலாம். உறுத்துவது ஒன்றுதான்: ஹரிக்கேனின் அகன்ற சக்கரக் கால்கள் பிரெஞ்சுப் புல்வெளிக்குப் பொருத்தம். ஸ்பிட்ஃபயரின் கால்கள் நெருக்கமானவை, கரடுமுரடான தரையில் எளிதில் ஆட்டம் காணும்.

திரையில் வருவது 1940ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயர்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் பிற்காலத்தியவை. தொடரில் பறந்தவற்றில் மிகப் பிரபலமான எம்.எச். 434 என்ற விமானம் மார்க் 9 வகை (ஸ்பிட்ஃபயரின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு மார்க் எண்), 1943 ஆகஸ்டில் செய்யப்பட்டது. விமானம் தலைக்கு மேல் திரும்பும்போது இறக்கையின் அடிப்பாகத்தைப் பாருங்கள். 1940இன் மார்க் 1இல் வலது இறக்கையின் கீழ் ஒரு பெரிய ரேடியேட்டர் பெட்டி, இடப்பக்கம் ஒல்லியான ஆயில் கூலர், இரண்டும் பொருந்தாது. மார்க் 9இல் இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டி. மூக்கும் நீளம், பக்கத்துக்கு ஆறு புகைக்குழாய்கள். மார்க் 1இல் பக்கத்துக்கு மூன்றுதான். மார்க் 9க்கு நான்கு இதழ் புரொப்பெல்லர். போர் தொடங்கியபோது சேவையில் இருந்த முதல் ஸ்பிட்ஃபயர்களில் இரண்டு இதழ் மரப் புரொப்பெல்லர்கூட இருந்தது.

இறக்கையில் பீரங்கிக் குழல் நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் காலப்பிழை. 1939-40இல் ஸ்குவாட்ரன்களிடம் இருந்தது, சில சோதனை விமானங்கள் தவிர, எட்டு சிறிய துப்பாக்கிகள் மட்டுமே.

ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்கள் அசலா?

அவை ஸ்பெயினில் கட்டிய ஹிஸ்பானோ புச்சோன்கள். உடல் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி வகையைச் சேர்ந்தது. எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். அதாவது ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் குடும்பமேதான். உலகப் போரின் கடைசியில் ஜெர்மன் எஞ்சின்கள் வராமல் போனதால் ஸ்பெயின் கடைசியில் இந்த வழிக்கு வந்தது. 1940இன் 109 ஈ வகையில் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தியிருப்பார்கள், அதனால் புகைக்குழாய்கள் மூக்கின் கீழ்ப்பகுதியில் வரிசையாக இருக்கும். புச்சோனில் அவை மேலே இருக்கும், தாடைக்குக் கீழே பெரிய வீக்கம் தெரியும். சத்தத்திலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ரெக்ஸ் வற்புறுத்தும் நெருக்கமான அணிவகுப்பில் என்ன தவறு?

தொடரின் உயிரே இந்தக் கேள்விதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் 12 விமானங்களாகப் பறக்கும். மும்மூன்றாக நான்கு பிரிவுகள். ஒவ்வொரு மூன்றும் அம்பு முனை வடிவில், தலைவர் முன்னே, இருவர் இருபுறமும் சற்றுப் பின்னே. இடைவெளி ஏறக்குறைய ஓர் இறக்கை நீளம், சில சமயம் அதற்கும் குறைவு. கண்காட்சிக்கு அழகாகத்தான் இருக்கும்.

இப்போது பக்கவாட்டில் பறப்பவரின் இடத்தில் உட்காருங்கள். மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், பக்கத்து இறக்கை நுனி பத்து மீட்டரில் ஆடுகிறது. ஓரிரு வினாடி கண்ணை எடுத்தால் மோதல். ஆகவே உங்கள் கண் முழுநேரமும் தலைவரின் இறக்கையிலேயே. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முன்னே தள்ளு, பின்னே இழு, மறுபடி தள்ளு என்று கை ஓயாது. ஆக 12 பேரில் வானத்தைப் பார்க்கிறவர்கள் நான்கு தலைவர்கள் மட்டுமே, அவர்களும் முன்பக்கம்தான். பின்னால் சூரியனிலிருந்து ஒருவன் இறங்கினால் யார் பார்ப்பது?

திரும்பும்போது இன்னும் மோசம். உள்வட்டத்தில் இருப்பவர் வேகத்தைக் குறைத்துக் கிட்டத்தட்ட தொங்க வேண்டும், வெளிவட்டத்தில் இருப்பவர் முழுச் சக்தியில் துரத்த வேண்டும். அணி சிதறாமலிருக்கத் தலைவர் மெதுவாகத்தான் திரும்ப முடியும். எதிரிக்கு அது லட்டு.

இதைச் சமாளிக்க ஒருவரைக் கடைசியில் விட்டு, வால்பக்கம் வளைந்து வளைந்து காவல் பறக்கச் சொன்னார்கள். அவருக்கு எரிபொருள் அதிகம் செலவாகும், அணியைவிட்டுப் பின்தங்குவார், பெரும்பாலும் முதலில் விழுவதும் அவர்தான். பல ஸ்குவாட்ரன்களில் அந்த இடத்தை அனுபவமில்லாத புதியவரிடம் கொடுத்தார்கள் என்பது இந்தக் கதையின் மிகக் கசப்பான பகுதி.

ஜெர்மானியர்கள் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வேறு பாடம் கற்றார்கள். ஜெர்மன் விமானி வெர்னர் மோல்டர்ஸ் அங்கே செம்மைப்படுத்திய முறையில் அடிப்படை அலகு இரண்டு விமானம். ஒருவர் சுடுவார், மற்றவர் அவர் முதுகைப் பார்ப்பார். இரண்டு ஜோடி சேர்ந்தால் நால்வர், கையின் நான்கு விரல் நுனிகளைப் போன்ற அமைப்பு. இடைவெளி 200 மீட்டர் அளவுக்கு. மோதும் பயமில்லை, எனவே நான்கு பேரும் நான்கு திசையும் பார்க்கலாம். திரும்பும்போது ஒருவரையொருவர் குறுக்கே கடந்து பக்கம் மாறிக்கொள்வார்கள், யாரும் வேகத்தை மாற்ற வேண்டியதில்லை. ஹார்ட் சொல்வது இதைத்தான். ரெக்ஸ் காதில் வாங்குவதில்லை.

பிரிட்டிஷ் விமானப்படையும் பின்னர் நால்வர் முறைக்கு மாறியது. 1940இல் சில தளபதிகள் தாமாகவே மாற்றினார்கள். 1941இல் டாங்மியர் தளத்தில் டக்ளஸ் பேடர் என்ற விமானியின் தலைமையில் இருந்த பிரிவு இதைப் பரவலாக்கியது.

ரெக்ஸ் ஒரு முட்டாளாகத்தானே காட்டப்படுகிறார்? அவ்வளவு கண்மூடித்தனமாக யாராவது இருந்திருப்பார்களா?

ரெக்ஸை முட்டாள் என்று ஒதுக்கினால் தொடரின் கூர்மை போய்விடும். அவர் பின்பற்றுவது அதிகாரபூர்வக் கையேட்டை. அதில் எதிரிக் குண்டுவீச்சு விமானத்தைத் தாக்கும் முறைகளுக்கு எண் கொடுத்து வைத்திருந்தார்கள். தலைவர் வானொலியில் எண்ணைச் சொன்னதும் மூவரும் ஒருவர் பின் ஒருவராக வரிசைக்கு மாறி, முறை வைத்துச் சுட்டு விலக வேண்டும். அடிப்படையில் ஓர் அனுமானம்: குண்டுவீச்சு விமானங்கள் துணையில்லாமல் வரும். ஜெர்மனியிலிருந்து கிளம்பினால் குறைந்த தூரமே பறக்கக்கூடிய 109கள் லண்டனை எட்டாது என்பதால் அந்தக் கணக்கு ஒருகாலத்தில் சரியாகவே இருந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்து, அதன் கலே கடற்கரையில் 109கள் வந்து நின்றதும் கணக்கு உடைந்தது. கையேட்டை எழுதியவர்கள் பிரான்ஸ் வீழும் என்று நினைத்திருக்கவில்லை.

தைரியம், ஒழுங்கு, சகாக்கள் மீது அக்கறை மூன்றும் ரெக்ஸிடம் உண்டு. அதனால்தான் அவர் ஆபத்தானவர்.

துப்பாக்கிகளை 400 கஜத்திலா 250 கஜத்திலா என்று சண்டை போடுகிறார்களே, அது என்ன?

எட்டுத் துப்பாக்கிகளும் இறக்கையில், பக்கத்துக்கு நான்கு. நேராகச் சுட்டால் குண்டுகள் பல மீட்டர் அகலத்துக்குப் பரவும். ஆகவே ஒவ்வொன்றையும் சற்று உள்நோக்கித் திருப்பி, குறிப்பிட்ட தூரத்தில் எல்லாம் சேரும்படி வைப்பார்கள். வேலை இப்படி நடக்கும்: விமானத்தின் வாலைத் தூக்கித் தாங்கியில் வைத்து, பறக்கும் நிலைக்குச் சமன் செய்வார்கள். எதிரே குறிகள் வரைந்த பலகை. ஒவ்வொரு குழலின் வழியாகவும் பார்த்து, அதற்கான குறியில் விழும்வரை துப்பாக்கியின் தாங்கு திருகுகளைச் சரிசெய்து இறுக்குவார்கள். கடைசியில் விமானியின் கண்ணாடிக் குறிபார்க்கும் கருவியையும் அதே பலகைக்குப் பொருத்துவார்கள். ஒரு துப்பாக்கி சற்றே பிசகினாலும் அதன் குண்டுகள் முழுக்க வீண்.

ஆரம்பத்தில் உத்தரவு 400 கஜம், அதாவது சுமார் 365 மீட்டர். சராசரி விமானிக்குக் குறி தப்பும், எனவே குண்டுகள் கொஞ்சம் பரவி விழட்டும் என்பது எண்ணம். நடந்தது வேறு. அந்தத் தூரத்தில் .303 அங்குல அளவுக் குண்டு வேகம் இழந்துவிடும். கவசத்தையோ எஞ்சினையோ துளைக்காது. பரவி விழுந்த குண்டுகள் எதிரி விமானத்தில் ஓட்டை போட்டன, வீழ்த்தவில்லை. 250 கஜத்தில், சுமார் 230 மீட்டரில், எட்டும் ஒரே இடத்தில் குவிந்தால் உலோகத்தைக் கிழித்துவிடும். பிரான்சில் இருந்த 1ஆம் ஸ்குவாட்ரன் உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் தானே 250க்கு மாற்றிக்கொண்டது.

நெருங்கிச் சுட வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பிட்ஃபயரில் துப்பாக்கிக்கு 300 குண்டு. நிமிடத்துக்கு 1,150 குண்டு வேகத்தில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் 15, 16 வினாடியில் எல்லாம் காலி. திரையில் ஒருவர் நீளமாகச் சுட்டுக்கொண்டே போனால் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.

துப்பாக்கி வாய்களில் ஒட்டியிருக்கும் சிவப்புத் துணி எதற்கு?

ஈரம் உள்ளே போய் உயரத்தில் உறைந்து துப்பாக்கி சிக்கிக்கொள்ளாமலிருக்க. முதல் குண்டே துணியைக் கிழித்துவிடும். திரும்பி வரும்போது திறந்த துளைகளில் காற்று ஊளையிடும். தரையில் நிற்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே சண்டை நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு ஆரம்பத்தில் இல்லை என்பது உண்மையா?

உண்மை. முன்பக்கக் கண்ணாடிக்குப் பாதுகாப்பு தந்தவர்கள், பின்னாலிருந்து சுடப்படுவோம் என்று நினைக்கவில்லை. அணிவகுப்பில் பார்த்த அதே அனுமானம். மேலும், பின்னால் எடை கூடினால் விமானத்தின் எடைமையம் வாலை நோக்கி நகர்ந்து, சுழலில் சிக்கினால் மீளமுடியாமல் போகும் என்று தயாரிப்பாளர் தரப்பு தயங்கியது. 1ஆம் ஸ்குவாட்ரன், அடிபட்டுக் கிடந்த பேட்டில் குண்டுவீச்சு விமானத்திலிருந்து தகட்டைக் கழற்றித் தன் ஹரிக்கேன் ஒன்றில் பொருத்தியது. அதை இங்கிலாந்துக்குப் பறந்து கொண்டுபோய், குட்டிக்கரணம் உட்பட எல்லா வித்தையும் காட்டி, ஒன்றும் ஆகாது என்று நிரூபித்தார்கள். பிறகுதான் எல்லா விமானங்களுக்கும் வந்தது.

கீழ்நோக்கிப் பாயும்போது பிரிட்டிஷ் எஞ்சின் ஏன் திக்குகிறது?

அன்றைய மெர்லினில் மிதவைக் கார்புரேட்டர். விமானி ஸ்டிக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் பிடியை, சட்டென்று முன்னே தள்ளினால் எடையின்மை ஏற்பட்டு, கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் மேலே ஒட்டிக்கொள்ளும். எரிபொருள் தெளிக்கும் துளைக்குப் பெட்ரோல் கிடைக்காமல் எஞ்சின் ஒரு கணம் சாகும். அப்படியே தொடர்ந்தால் அடுத்த கட்டமாக எரிபொருள் வெள்ளமாகப் பாய்ந்து கருப்புப் புகையுடன் மூச்சடைக்கும். 109இல் நேரடி எரிபொருள் செலுத்தும் முறை, அதற்கு இந்தப் பிரச்சினை கிடையாது. மாட்டிக்கொண்ட ஜெர்மன் விமானி மூக்கைத் தள்ளிக் கீழே ஓடிவிடுவான். துரத்தும் பிரிட்டிஷ் விமானி முதலில் விமானத்தைப் புரட்டிப்போட்டு, தலைகீழ் நிலையிலிருந்து இழுத்துப் பாய வேண்டும். அந்த இரண்டு வினாடியில் எதிரி தப்பிவிடுவான்.

இதற்குத் தற்காலிகத் தீர்வு கண்டவர் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடப் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங். அளவாகத் துளையிட்ட சிறு பித்தளைத் துண்டு ஒன்றை எரிபொருள் குழாயில் பொருத்தினால் வெள்ளம் நின்றுவிடும். விமானத்தைப் பட்டறைக்கு அனுப்பாமலே மாட்டலாம். வந்தது 1941 மார்ச்சில். ஹார்னெட் ஸ்குவாட்ரனின் கதை அதற்குள் முடிந்துவிடுகிறது.

பார்டன் சொந்த நாட்டு விமானத்தையே சுட்டு வீழ்த்துவது நம்பும்படி இல்லையே?

பிரிட்டன் போர் அறிவித்து மூன்று நாள் கழித்து இதைவிட மோசமாக நடந்திருக்கிறது. 1939 செப்டம்பர் 6 அன்று, தவறான எச்சரிக்கையால் எஸ்ஸெக்ஸ் வானத்தில் பல ஸ்குவாட்ரன்கள் ஏறின. ஏறியவையும் எதிரிகளாகக் கணக்கில் சேர, எச்சரிக்கை பெருத்தது. 74ஆம் ஸ்குவாட்ரன் ஸ்பிட்ஃபயர்கள் 56ஆம் ஸ்குவாட்ரனின் இரண்டு ஹரிக்கேன்களை வீழ்த்தின. மான்டேக் ஹல்டன்-ஹாரப் இறந்தார். மற்ற விமானி பிழைத்தார். சுட்ட இருவரும் ராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுதலையானார்கள். ஸ்பிட்ஃபயர் வீழ்த்திய முதல் விமானமே பிரிட்டிஷ் விமானம் என்று சொல்லும்படி ஆயிற்று.

தொடரில் பார்டன் சுடுவது பிளென்ஹெய்ம் குண்டுவீச்சு விமானத்தை, ஜெர்மன் யுங்கர்ஸ் 88 என்று நினைத்து. இரண்டுக்கும் இரட்டை எஞ்சின், கண்ணாடி மூக்கு. சூரியன் எதிரே இருந்தால் வித்தியாசம் தெரியாது.

பாலத்துக்கு அடியில் ஸ்பிட்ஃபயர் போவது தந்திரக் காட்சியா?

நிஜமாகவே பறந்தது. இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில், டீஸ் ஆற்றின் மேல் உள்ள வின்ஸ்டன் பாலம். 1760களில் கட்டிய ஒற்றை வளைவுக் கல் பாலம். ஓட்டியவர் ரே ஹன்னா, நியூசிலாந்துக்காரர், ரெட் ஏரோஸ் சாகசக் குழுவின் முன்னாள் தலைவர். விமானம் மேலே சொன்ன எம்.எச். 434.

கணக்கைப் பாருங்கள். வளைவின் அகலம் 111 அடி, கிட்டத்தட்ட 34 மீட்டர். இறக்கை நீளம் 11.2 மீட்டர். நட்டநடுவே போனால் பக்கத்துக்கு 11 மீட்டர் சொச்சம் இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த அகலம் வளைவின் அடியில்தான். மேலே போகப் போக வளைவு குறுகும். கீழே போனால் தண்ணீர், பாறை. மேலும் ஸ்பிட்ஃபயரின் நீண்ட மூக்கு விமானிக்கு நேர் எதிரே உள்ளதை மறைக்கும். மணிக்கு 300 கி.மீ. என்றால் வினாடிக்கு 83 மீட்டர். பாலத்துக்கு முன்பே கோட்டைப் பிடித்தாக வேண்டும்; அடியில் நுழைந்தபின் திருத்த நேரமே இல்லை. வெளியே வந்ததும் எதிரே மரங்கள்.

கதையில் இதைச் செய்பவன் மாகி. அவன் சீண்டியதால் டிக்கி ஸ்டார் என்ற இளம் விமானியும் முயன்று சாகிறான். அந்தக் காட்சியைச் சாகசமாக மட்டும் வெட்டிப் பரப்புகிறவர்கள் அடுத்த ஒரு நிமிடத்தையும் சேர்த்துக் காட்டலாம்.

தரையில் ஓடும்போது ஏன் பாம்பு போல நெளிந்து போகிறார்கள்?

அதே மூக்குதான் காரணம். வால் தரையில் இருக்கும்போது முன்னே ஒன்றும் தெரியாது. எனவே மூக்கை இடம் வலம் ஆட்டி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபடி ஓட்டுவார்கள். பிரேக்கைக் கடுமையாகப் பிடித்தால் விமானம் மூக்கில் குத்தி நிற்கும், புரொப்பெல்லர் போய்விடும். தொடரில் ரெக்ஸுக்கு முன்பு தளபதியாக இருந்த ராம்ஸே விமானத்தோடு பள்ளத்தில் இறங்குவது இந்தக் குருட்டு மூக்கால் எளிதில் நடக்கக்கூடியதே.

நிறுத்தி வைத்து ஓடவிடவும் முடியாது. மார்க் 1இல் வலப்பக்கச் சக்கரக் கால் ரேடியேட்டருக்கு முன்னே தொங்கிக் காற்றை மறைக்கும். சில நிமிடங்களில் குளிர்விக்கும் திரவம் கொதிநிலைக்குப் போகும். அவசரமாகக் கிளம்புவது எதிரிக்காக மட்டுமல்ல, எஞ்சினுக்காகவும்தான்.

இன்னொரு வேடிக்கை: ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் சக்கரத்தை உள்ளிழுக்க வலக்கையால் பம்ப் அடிக்க வேண்டும். ஸ்டிக் இடக்கைக்கு மாறும். ஒரு கை அடிக்க, மறு கையும் சேர்ந்து ஆடும். புதியவர் கிளம்பினால் விமானம் மேலும் கீழும் துள்ளிக்கொண்டே ஏறுவதைத் தரையிலிருந்தே பார்க்கலாம்.

எங்கே படமாக்கினார்கள்?

முழுக்க இங்கிலாந்தில். பிரெஞ்சு மாளிகையாக வருவது வில்ட்ஷயரின் சார்ல்டன் பார்க். சவுத் சர்னி விமானதளமும், சஸ்ஸெக்ஸ் கடற்கரைக் குன்றின் மேலுள்ள ஃப்ரிஸ்டனும் ஸ்குவாட்ரனின் தளங்களாக வருகின்றன. ஃப்ரிஸ்டன் போர்க்காலத்தில் உண்மையிலேயே விமானதளமாக இருந்த இடம்.

பழைய விமானிகளுக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கவில்லை?

தங்களைத் திமிர் பிடித்தவர்களாகவும் கொடூர விளையாட்டுக்காரர்களாகவும் காட்டியதால். மாகியைப் போன்ற ஒருவனை எந்த ஸ்குவாட்ரனும் சகித்திருக்காது என்றார்கள். அதில் நியாயம் உண்டு. அவன் செய்வது எல்லாம் ஒரே ஆளுக்கு அதிகம்தான்.

வீழ்த்திய கணக்கைச் சந்தேகிக்கும் ஸ்கல் பாத்திரமும் பலரை உறுத்தியது. ஆனால் அவர் பக்கம் ஆதாரம் இருக்கிறது. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்கள் வீழ்ந்ததாக பிரிட்டன் அறிவித்தது; போருக்குப் பின் ஜெர்மன் பதிவேடுகளில் பார்த்தால் சுமார் 60. பொய் சொன்னார்கள் என்று பொருளில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் வெவ்வேறு கணத்தில் சுட்டிருப்பார்கள், மூவரும் தன்னுடையது என்பார்கள். முழுச் சக்தியில் பாயும் 109 கக்கும் புகையைப் பார்த்து எரிந்து விழுகிறது என்று எண்ணியவர்களும் உண்டு.

நம் ஊருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

தொடருக்கு இல்லை, அந்தப் போருக்கு உண்டு. மதராஸ் மாகாணம் அளித்த போர் நிதியை ஒட்டி, பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்கள் "மதராஸ் பிரசிடென்சி" என்ற பெயரைத் தாங்கின. இவற்றில் 79 ஹரிக்கேன்களோடு 1940 மே மாதம் பிரான்சுக்கே போனது. 234 பிரிட்டன் சண்டையில் ஸ்பிட்ஃபயர் பறக்கவிட்டது. ஹார்னெட் ஸ்குவாட்ரன் போன இரண்டு களங்களும் இவர்களுக்குப் பழக்கம்.

கதை இதற்குப் பிறகு தொடர்கிறதா?

நாவலில் தொடர்கிறது. ராபின்சன் 1993இல் எழுதிய "எ குட் கிளீன் ஃபைட்" 1942இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போகிறது. பார்டன்தான் தளபதி, விமானம் அமெரிக்காவில் செய்த டாமஹாக். முதல் உலகப் போரின் ஹார்னெட் ஸ்குவாட்ரனைப் பற்றியும் அவர் தனியாக எழுதியிருக்கிறார். தொடர் பிடித்திருந்தால் முதலில் 1983 நாவலைப் படியுங்கள்: ஹரிக்கேன்கள் அங்கே அவற்றுக்குரிய இடத்தில் இருக்கின்றன.